அரை மணி நேரத்தின் விலை

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரோட்டர்டாமுக்குப் போக வேக ரயில், பழைய ரயில், பஸ், கார், சைக்கிள் என்று ஐந்து வழிகள். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதைப் பொறுத்து நீங்கள் பார்க்கும் நாடே மாறிவிடுகிறது.

சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே எவ்வளவு தூரமோ ஏறத்தாழ அவ்வளவுதான் ஆம்ஸ்டர்டாமுக்கும் ரோட்டர்டாமுக்கும் இடையே. சாலை வழியாக சுமார் 75 கி.மீ. நெதர்லாந்தின் மிகப் பெரிய நகரமும் அதற்கடுத்த பெரிய நகரமும் இவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் இரண்டுக்கும் முகஜாடை ஒத்துப்போவதில்லை. ஆம்ஸ்டர்டாம் தன் 17ஆம் நூற்றாண்டுக் கால்வாய்களையும் ஒடிசலான செங்கல் வீடுகளையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. ரோட்டர்டாமின் மையப் பகுதியை 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசித் தரைமட்டமாக்கின. இன்று அங்கே நிற்பது கான்கிரீட்டும் கண்ணாடியுமாகப் புதிதாக எழும்பிய துறைமுக நகரம். ரோட்டர்டாமில் சம்பாதிக்கிற பணத்தை ஹேக்கில் பங்கு போட்டு ஆம்ஸ்டர்டாமில் செலவழிக்கிறார்கள் என்று டச்சுக்காரர்களே கிண்டலாகச் சொல்வதுண்டு.

ஐரோப்பா சுற்றுப்பயணம் போகும் இந்தியர்களில் பலர் ஆம்ஸ்டர்டாமோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் மிச்சமிருந்து, ரோட்டர்டாமையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவருக்கு உடனே எழும் கேள்வி: எதில் போவது? வேகமாகப் போவதில் போனால் போயிற்று என்று தோன்றும். ஆனால் இந்த 75 கி.மீ.க்குள் வேகத்துக்காக டச்சு அரசே பெரும் பணத்தைக் கொட்டிக் கையைச் சுட்டுக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு டிக்கெட் எடுப்பது நல்லது.

வேகத்தின் கதை

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து ரோட்டர்டாமுக்கு விரைவான வழி ‘இன்டர்சிட்டி டைரக்ட்’. ஸ்கிபோல் விமான நிலையம் வழியாகச் சென்று சுமார் 40 நிமிடங்களில் இறக்கிவிடுகிறது. முன்பதிவு தேவையில்லை. கிடைத்த இருக்கையில் உட்கார வேண்டியதுதான். ஸ்கிபோலுக்கும் ரோட்டர்டாமுக்கும் இடையே மட்டும் அடிப்படைக் கட்டணத்துக்கு மேல் சில யூரோ கூடுதலாகக் கட்ட வேண்டும். அதற்கென்று பிளாட்பாரத்தில் தனிக் கருவி நிற்கிறது.

இந்த ரயில் ஓடுவது மணிக்கு 300 கி.மீ. வேகத்துக்காகக் கட்டப்பட்ட தனிப் பாதையில். அந்த வேகத்தில் ஓடுபவை வெளிநாடு செல்லும் யூரோஸ்டார் ரயில்கள்தான். உள்நாட்டு ரயில்கள் 160, 200 என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. 2009 செப்டம்பரில் இந்தப் பாதையில் உள்நாட்டுச் சேவை தொடங்கியபோது அதற்கென ஆர்டர் கொடுத்த ரயில்களே வந்து சேரவில்லை. இத்தாலிய நிறுவனம் ஒன்றிடம் 2004-ல் ஆர்டர் கொடுக்கப்பட்டு, 2007-ல் வர வேண்டிய ரயில்கள் அவை. கடைசியில் ‘ஃபைரா’ என்ற பெயரில் 2012 டிசம்பர் 9 அன்று ஆம்ஸ்டர்டாமுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் இடையே ஓடத் தொடங்கின. பனியும் குளிரும் வந்ததும் கோளாறுகள் குவிந்தன. ரயிலின் அடித்தகடே கழன்று விழுந்தது. ஆறு வாரம் முடிவதற்குள், 2013 ஜனவரியில், சேவை நிறுத்தப்பட்டது. ரயில்கள் இத்தாலிக்கே திரும்பிப் போயின. நாடாளுமன்ற விசாரணைக் குழு 2015-ல் கொடுத்த அறிக்கைக்கு வைத்த தலைப்பு, ‘குளிரில் விடப்பட்ட பயணி’.

அதோடும் முடியவில்லை. பாதையின் மேம்பாலங்களில் குறைபாடு தெரிந்ததால் 2024-ல் சில இடங்களில் ரயில்கள் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தன. 300-க்காகக் கட்டிய பாதையில் 80!

இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை. விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கும், பெரிய பெட்டிகளோடும் வயதானவர்களோடும் செல்பவருக்கும் இந்த ரயில்தான் சரி. ஆனால் ஊர் பார்க்க வந்தவர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம், ஹேக், ரோட்டர்டாம், யுட்ரெக்ட் ஆகிய நான்கு நகரங்களுக்கு நடுவே ‘பசுமை இதயம்’ என்று டச்சுக்காரர்கள் அழைக்கும் பகுதி இருக்கிறது. புல்வெளி, பால் மாடுகள், வரப்புக்குப் பதில் தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள் என்று நாம் காலண்டரில் பார்த்த நெதர்லாந்து அதுதான். அந்தப் பசுமை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக வேக ரயிலை 7 கி.மீ. தூரத்துக்குப் பூமிக்கடியில் சுரங்கம் தோண்டி அனுப்பியிருக்கிறார்கள். மாடுகளுக்கு நிம்மதி. பயணிக்கு இருட்டு. கூடுதல் கட்டணம் கட்டியவருக்குத்தான் நாட்டின் மிக அழகான பகுதி தெரியாமல் போகிறது.

பழைய பாதையின் பெயரே ‘பழைய பாதை’

இதற்கு மாற்று, ஹார்லெம், லெய்டன், ஹேக், டெல்ஃப்ட் வழியாகச் செல்லும் சாதாரண இன்டர்சிட்டி ரயில். டச்சு மொழியிலும் இதற்குப் ‘பழைய பாதை’ என்றே பெயர். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். கூடுதல் கட்டணம் கிடையாது. எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து வழியில் லெய்டனில் மாற வேண்டியிருக்கலாம். அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேக ரயிலோடு ஒப்பிட்டால் இழப்பது அரை மணி நேரம்.

அந்த அரை மணிக்குக் கிடைப்பது என்ன? முதலில், நாட்டின் முதல் ரயில் பாதை. ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே 1839 செப்டம்பர் 20 அன்று நெதர்லாந்தின் முதல் ரயில் ஓடியது. இந்தியாவில் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே ரயில் ஓடியதற்கு 14 ஆண்டுகள் முன்பு. அப்போது தண்டவாளங்களுக்கிடையே 1,945 மில்லிமீட்டர் அகலம் வைத்தார்கள். நமது அகலப் பாதையே 1,676 மில்லிமீட்டர்தான். அண்டை நாடுகளோடு ஒத்துப்போகாததால் 1866-க்குள் முழுவதையும் குறுக்கிக்கொண்டார்கள். 1842-ல் லெய்டன், 1843-ல் ஹேக், 1847-ல் ரோட்டர்டாம் என்று பாதை நீண்டது. கடைசித் துண்டைப் போடும்போது டெல்ஃப்ட் அருகே நிலக்காரர் ஒருவர் தன் நிலத்தை விட்டுத்தர மறுத்து ஏகப்பட்ட விலை கேட்டதால், அவருடைய நிலத்தைச் சுற்றி வளைத்துத் தற்காலிகத் தண்டவாளம் போட வேண்டியதாயிற்று. நிலம் கையகப்படுத்தும் தகராறு நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல.

ஆம்ஸ்டர்டாமைத் தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டியே நேர்கோடாக ஒரு கால்வாய் வருவதைக் கவனியுங்கள். ரயில் வருவதற்கு 200 ஆண்டுகள் முன்பே இந்த வழித்தடம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டுவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. அதுவரை பாய்மரப் படகில் போனவர்கள் காற்றுக்காகக் காத்துக் கிடந்தார்கள். 1632-ல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே நேரான கால்வாய் வெட்டி, கரையோரம் பாதை போட்டு, குதிரையைக் கட்டிப் படகை இழுக்க வைத்தார்கள். வேகம் மணிக்கு சுமார் 7 கி.மீ. மனிதன் விறுவிறுவென்று நடப்பதைவிடச் சற்று அதிகம். ஆனால் படகு சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. சொன்ன நேரத்துக்குச் சேர்ந்தது. காற்றையும் படகோட்டியின் மனநிலையையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. அடுத்த 30 சொச்சம் ஆண்டுகளில் இப்படி 600 கி.மீ.க்கும் அதிகமான கால்வாய் வழிகளை நகரங்கள் தங்கள் செலவிலேயே அமைத்துக்கொண்டன. வியாபாரியும் பாதிரியாரும் வேலைக்காரப் பெண்ணும் ஒரே படகில் எதிரெதிரே உட்கார்ந்து போனார்கள். பாதி வழியில் ஒரு அணை குறுக்கிட்டதால் அங்கே எல்லோரும் இறங்கிப் படகு மாற வேண்டும். அந்த இடத்தின் பெயர் இன்றும் ‘ஹாஃப்வெக்’. பாதி வழி என்றே பொருள்.

ஃபைரா ரயிலின் கதையையும் குதிரைப் படகின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. டச்சுக்காரர்களுக்குப் பிழைப்பு நடத்தித் தந்தது ஒழுங்கான கால அட்டவணை. வேகத்தை மட்டும் நம்பி இறங்கியபோதுதான் சறுக்கினார்கள். இன்றைய ரயில் கட்டமைப்பின் பலமும் அதே ஒழுங்குதான். பகலில் ஒரு ரயிலை விட்டால் சிறிது நேரத்தில் அடுத்தது. நள்ளிரவுக்குப் பிறகும் ரோட்டர்டாம், டெல்ஃப்ட், ஹேக், லெய்டன், ஸ்கிபோல், ஆம்ஸ்டர்டாம் என்று இரவு ரயில் ஓடுகிறது. ரயிலைப் பிடிக்கப் பதறி ஓட வேண்டியதில்லை என்பதே பயணியின் மனதைப் பாதி லேசாக்கிவிடுகிறது.

ஹார்லெம் ஸ்டேஷன் 1908-ல் கட்டி முடிக்கப்பட்டது. மர வேலைப்பாடும் பீங்கான் ஓடுகளுமாக இருக்கும் அந்தப் பிளாட்பாரத்தில் பத்து நிமிடம் இறங்கி நின்றாலே போதும். ஹார்லெமுக்கும் லெய்டனுக்கும் இடையே, ஏப்ரல் மாதமாக இருந்தால், ஜன்னலுக்கு வெளியே துலிப் வயல்கள் சிவப்பும் மஞ்சளுமாகப் பாய் விரித்ததுபோல் ஓடும். பார்க்க டிக்கெட் இல்லை, வரிசை இல்லை.

தமிழர்களுக்கு இந்தப் பாதையின் ஸ்டேஷன் பெயர்களே ஒரு ஆச்சரியம். யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அதைச் சுற்றியிருந்த தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம். வேலணைத் தீவு லெய்டன். நெடுந்தீவு டெல்ஃப்ட். அனலைதீவு ரோட்டர்டாம். ஹேக்கை விட்டுவிட்டால் இந்த ரயில் பாதையின் பெரிய ஸ்டேஷன்கள் அத்தனையும் பாக் நீரிணை ஓரத்தில் ஒரு காலத்தில் தீவுகளாகக் கிடந்தன. மற்றப் பெயர்கள் பெரும்பாலும் மங்கிவிட்டாலும் நெடுந்தீவு இன்றும் ஆங்கிலத்தில் டெல்ஃப்ட்தான். லெய்டனுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தை அளித்ததைச் சொல்லும் சோழர் செப்பேடுகள் நெடுங்காலம் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால், வரலாற்று நூல்களில் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்ற பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது.

டெல்ஃப்டில் மட்டும் ஒரு ஏமாற்றம். ஓவியர் வெர்மீரின் ஊரான இதன் நடுவே வீடுகளை உரசிக்கொண்டு மேம்பாலத்தில் ஓடிய ரயிலை 2015-ல் சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு இரைச்சல் தொல்லை தீர்ந்தது. ரயிலில் இருந்தபடி ஊரைப் பார்க்க முடியாது. அதனால் இறங்கித்தான் ஆக வேண்டும். அல்லது ஹேக்கிலேயே இறங்கி 1ஆம் எண் டிராமைப் பிடித்தால் அது தெருத்தெருவாக ஊர் காட்டிக்கொண்டே டெல்ஃப்டுக்குக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து ரோட்டர்டாம் ரயிலில் கால் மணி நேரத் தூரம்தான்.

இருக்கும் மற்ற ரயில் வழிகளில் கௌடா வழியும் ஒன்று. பாலாடைக் கட்டிக்குப் பெயர்போன ஊர் அது. கௌடாவுக்கும் ரோட்டர்டாமுக்கும் நடுவே ரயில் கடந்து செல்லும் நியூவெர்கெர்க் பகுதியில்தான் நாட்டின் மிகத் தாழ்வான இடம் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே. வெளியே பார்த்தால் வீடுகளும் கார்களும் எதுவும் நடக்காததுபோல் இருக்கும்.

சாலையில் போனால்

நீண்டதூர பஸ்கள் ரயிலைவிட மலிவு. ஆம்ஸ்டர்டாமில் ஊருக்கு நடுவிலிருந்து கிளம்பாமல் ஸ்லோட்டர்டைக் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து புறப்படுகின்றன. சாலை நெரிசலைப் பொறுத்து ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். முன்கூட்டியே டிக்கெட் எடுத்தால் விலை நன்றாகக் குறையும். ஆனால் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு நேரமோ! கையைக் கடிக்காமல் பயணம் செய்ய நினைக்கும் மாணவர்களுக்கு ஏற்றது.

நான்கு பேர் கொண்ட குடும்பமாக இருந்தால் வாடகைக் கார் லாபம் என்று கணக்குப் போடத் தோன்றும். சுங்கக் கட்டணம் இல்லாத ஏ4 விரைவுச் சாலை நேராக இருக்கிறது. அந்தச் சாலையில் டெல்ஃப்டுக்கும் ஸ்கீடமுக்கும் இடையே ஒரு சிறு துண்டைப் போடலாமா கூடாதா என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாதாடி, 2015 டிசம்பரில்தான் திறந்தார்கள் என்பது வேறு கதை. 2020 மார்ச்சிலிருந்து பெரும்பாலான விரைவுச் சாலைகளில் பகலில் 100 கி.மீ.தான் அதிகபட்ச வேகம். ஆம்ஸ்டர்டாமுக்குள் 2023 டிசம்பரிலிருந்து பெரும்பாலான தெருக்களில் 30. ஊர் நடுவில் காரை நிறுத்த மணிக்கு 7 யூரோவுக்கு மேல், அதாவது ஏறத்தாழ ரூ. 700. சாலையில் மிச்சம் பிடித்ததை நிறுத்துமிடத்தில் கட்டிவிட்டு வருவீர்கள்.

டச்சுக்காரர்களின் சொந்த வாகனமான சைக்கிளிலும் போகலாம். நம் ஊர் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டுவதை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். பாதை தனி, சிக்னல் தனி. கிளைபிரியும் இடங்களுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கிறார்கள். போக வேண்டிய எண்களை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டால் வரைபடம்கூடத் தேவையில்லை. மலையோ மேடோ கிடையாது. ஆனால் தட்டையான நாட்டில் மலைக்குப் பதில் காற்று இருக்கிறது. அது பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரோட்டர்டாமுக்குப் போகிறவருக்கு அது நேர் எதிர்க் காற்று. அங்கே 2013-லிருந்து எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கும் தேசியப் போட்டியே நடத்துகிறார்கள். பழக்கமுள்ளவருக்கே ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். ஆசையும் தெம்பும் உள்ளவர்கள் ரயிலில் ரோட்டர்டாம் போய், காற்று முதுகைத் தள்ள ஆம்ஸ்டர்டாமுக்கு மிதித்து வருவது புத்திசாலித்தனம். முழு அளவு சைக்கிளை ரயிலில் ஏற்றத் தனி டிக்கெட் உண்டு. வேலை நாட்களில் காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் ஏற்ற விடமாட்டார்கள். மடக்கு சைக்கிளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பணமும் அட்டையும்

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரோட்டர்டாமுக்கு இரண்டாம் வகுப்பில் ஒரு வழிக் கட்டணம் சுமார் 20 யூரோ. நம் கணக்கில் ஏறத்தாழ ரூ. 2,000. காஞ்சிபுரம் போகிற தூரத்துக்கு இது வயிற்றைக் கலக்கும் தொகைதான். பெரியவரோடு செல்லும் 4 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு நாள் முழுவதற்கும் பெயரளவு கட்டணமே என்பது ஒரு ஆறுதல்.

2023-லிருந்து நாடு முழுவதும் ரயில், பஸ், டிராம், மெட்ரோ எல்லாவற்றிலும் வங்கி அட்டையையே டிக்கெட்டாகப் பயன்படுத்தலாம். கருவியில் தொடாமலே காசு எடுக்கும் வசதியுள்ள அட்டையாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் அது வேலை செய்யும்படி கிளம்புவதற்கு முன்பே நம் வங்கியில் சொல்லி வைக்க வேண்டும். ஏறும்போது ஒருமுறை காட்டுவது போலவே இறங்கியபின்னும் காட்ட வேண்டும். மறந்தால் நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்று கருவிக்குத் தெரியாது. போன தூரத்துக்கு மேலேயே பணம் பிடித்துவிடும். ஒருவருக்கு ஒரு அட்டை. குடும்பத் தலைவர் ஒரே அட்டையை நான்கு முறை காட்டி எல்லோரையும் உள்ளே அனுப்ப முடியாது. அட்டை இல்லாதவர்களுக்கு ஸ்டேஷன் இயந்திரத்தில் தனி டிக்கெட் கிடைக்கும்.

வார இறுதியில் தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில பாதைகளை மூடுவது வழக்கம். 1992-லிருந்து இயங்கும் ‘9292’ என்ற தகவல் சேவை, இந்த மாற்றங்களையும் சேர்த்து வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல்வரை வழி சொல்லிவிடும். புறப்படும் நாள் காலையில் ஒருமுறை அதைப் பார்த்துவிடுங்கள்.

ஆக, எதில் போவது? போகும்போது பழைய பாதை, திரும்பும்போது வேகப் பாதை என்று வைத்துக்கொள்வதே நல்லது. காலையில் கண் விழித்திருக்கும், கால் வலிக்காது. ஹார்லெமிலோ டெல்ஃப்டிலோ இறங்கி ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம். வங்கி அட்டையில் போகிறவர் வழியில் இறங்கி வெளியே வந்தால் பயணம் இரண்டாகக் கணக்காகி, மொத்தக் கட்டணம் சற்றுக் கூடும். வயல், வாய்க்கால், கோபுரம் எல்லாம் பகல் வெளிச்சத்தில் கிடைக்கும். மாலையில் ரோட்டர்டாமின் வானளாவிய கட்டடங்களையும் துறைமுகத்தையும் பார்த்துக் களைத்த பிறகு, சில யூரோ கூடக் கொடுத்து 40 நிமிடத்தில் திரும்பி வந்துவிடலாம். அப்போது வெளியே இருட்டிவிட்டிருக்கும். சுரங்கத்தில் போனாலும் ஒன்றுதான், புல்வெளியில் போனாலும் ஒன்றுதான்.